பேர் போடாம வந்த டென்ட்: 2025 மாநகர சபைத் தேர்தல்ல கொழும்பு வடக்குல ஒரு வட்டாரத்துல நடந்தது

இதுல வாற ஆட்கள் எல்லாரும் இன்னும் ஒரே படிக்கட்டுல ஏறி இறங்குறவங்க, அதனால பேர், கட்சி, தொடர்மாடிட பேர் ஒண்டும் போடல்ல. நான் அந்த ஏரியாவில இருக்கிற ஒரு மரண உதவிச் சங்கத்துட நிர்வாகக் குழுவில இருக்கேன். தேர்தல் நேரம் பேர் சொல்லாம சங்கத்துக்கு வந்த டென்ட்டையும், வேட்பாளர் பக்கத்துல காசு வாங்கின ஒரு பேஸ்புக் பேஜையும் நாங்க எப்பிடி கையாண்டோம் எண்டதுதான் கதை. சங்கத்துட கூட்டக் குறிப்பு, கணக்குப் புத்தகம், நோட்டீஸ் போர்ட்ல போட்ட அறிவித்தல் எல்லாத்தையும் பார்த்துத்தான் இத எழுதுறேன். வேற இடங்கள்லயும் இதே மாதிரி சங்கங்கள் இருக்கு, இதே மாதிரி பேஜ் இருக்கு, அவங்களுக்கு உதவும் எண்டு நினைக்கிறேன்.

பின்னணி

கொழும்பு மாநகர சபையுட காலம் 2023 மார்ச்சோட முடிஞ்சிது. அதே மாசம் 9ஆம் திகதி நடக்க இருந்த உள்ளூராட்சித் தேர்தல், திறைசேரியில இருந்து காசு வரல்ல எண்டு தள்ளிப் போச்சு. 2024 ஆகஸ்ட் 22ஆம் திகதி உயர் நீதிமன்றம், தேர்தல நடத்தாம விட்டது மக்கள்ட அடிப்படை உரிமைய மீறின செயல் எண்டு தீர்ப்பு குடுத்திச்சு. கடைசியில 2025 மே 6ஆம் திகதிதான் நாங்க வோட்டு போட்டோம்.

இடையில ரெண்டு வருஷத்துக்கு மேல சபையில உறுப்பினர் எண்டு ஒருத்தர் கூட இல்ல, ஆணையாளர்தான் நிர்வாகம். கான் (வடிகால்) அடைச்சிட்டா, தெரு லைட் எரியல்லன்டா, குப்பை லொறி வரல்லன்டா முதல்ல எல்லாம் மெம்பருக்கு ஒரு கோல் எடுப்போம், அவர் செய்றாரோ இல்லியோ ஏசுறதுக்காவது ஒரு ஆள் இருந்தார். அந்த இடம் வெறுமையா போச்சு. அந்த வெறுமைய நிரப்பினது எங்கட ஏரியாவில ஒரு பேஸ்புக் பேஜ்.

போன் ரிப்பேர் கடை வச்சிருக்கிற ஒரு தம்பிதான் அத நடத்துறார். தண்ணி வெட்டு எத்தனை மணிக்கு, யாருட அடையாள அட்டை தொலைஞ்சிருக்கு, எந்த வீட்டுல மரணம், எந்த லேன்ல வெள்ளம் எண்டு எல்லாம் முதல்ல வாறது அதுலதான். தமிழ்லயும் போடுவார், சிங்களத்துலயும் போடுவார். அடைச்ச கான போட்டோ எடுத்து அவருக்கு அனுப்பினா, அவர் போட்டு, சனம் ஷெயார் பண்ணி, ரெண்டு நாள்ல மாநகர சபை ஆட்கள் வந்த சம்பவங்களும் இருக்கு. அதனால அந்த பேஜ சனம் நம்பிச்சு, நம்பினதுல பிழையும் இல்ல.

மற்றது எங்கட சங்கம். மாசச் சந்தா கட்டுற முன்னூறு குடும்பத்துக்கு மேல இருக்கு, தமிழ் ஆட்கள் கூட, சிங்களக் குடும்பங்களும் இருக்கு. செத்த வீட்டுக்கு டென்ட், கதிரை, தேத்தண்ணி பொயிலர் குடுக்கிறதும் ஒரு தொகை காசு குடுக்கிறதும்தான் வேலை. அரசியலுக்கும் எங்களுக்கும் ஒரு சம்பந்தமும் இருக்கல்ல. ஆனா ஒரு வட்டாரத்துல முன்னூறு குடும்பம் ஒரே புத்தகத்துல பேர் வச்சிருக்கிற இடம் வேற எது? தேர்தலுக்கு நிக்கிற ஆளுக்கு அது நல்லாத் தெரியும்.

கவனிச்சது

2025 மார்ச் நடுப்பகுதியில வேட்புமனு எடுத்து முடிஞ்ச கையோட பேஜ்ட போக்கு மாறிச்சு. ஏரியாவில ஹார்ட்வெயார் வியாபாரம் செய்ற ஒருத்தர் வேட்பாளரா நிண்டார். அவர் சொந்த பெக்கோ மெஷின கொண்டு வந்து கான் வெட்டுற வீடியோ, பிள்ளைகளுக்கு கொப்பி குடுக்கிற போட்டோ, கோயில்ல நிக்கிற போட்டோ எண்டு ஒரு நாளைக்கு ரெண்டு மூணு வரும். மற்ற வேட்பாளர்கள் யாரும் அந்த பேஜ்ல இருக்கிற மாதிரியே தெரியல்ல. அந்தக் கான் பழையபடி அடைச்சிட்டு எண்டு ஒரு அக்கா கமென்ட் போட்டா, பின்னேரம் பார்க்க கமென்ட் இல்ல.

ரெண்டாவது, ஏப்ரல் தொடக்கத்துல ஒரு லொறி வந்து புது டென்ட் ஒண்டும் நூறு பிளாஸ்டிக் கதிரையும் இறக்கிச்சு. தலைவர் ஐயாவுக்கு முதலே தெரிஞ்சிருக்கு, அவர் சந்தோஷமா நிண்டார். பொருளாளர் அக்கா ரிசீட் புத்தகத்த விரிச்சு காபன் தாள வச்சிட்டு "யாருட பேருல எழுதுற?" எண்டு கேட்டா. வந்த பொடியன், "பேர் வேணாம் அக்கா, நலன்விரும்பி எண்டு மட்டும் எழுதுங்க" எண்டான். அக்கா பேனைய மூடிட்டா. "இந்தப் புத்தகத்துல இருபது வருஷமா பேர் இல்லாம ஒரு வரி கிடையாது, நூறு ரூபா குடுத்தவருக்கும் பேர் இருக்கு" எண்டு சொல்லி, லொறி நம்பர மட்டும் ஓரத்துல பென்சிலால எழுதி வச்சா. பிறகு நடந்த எல்லாத்துக்கும் தொடக்கம் அந்தப் பென்சில் எழுத்துதான்.

மூணாவது, வட்ஸ்அப்ல சுத்தின ஒரு வொய்ஸ் நோட். ஒரு குறிப்பிட்ட ஆள் வந்தா பிளட்ஸ் (தொடர்மாடி) ஆட்களுக்கு வீட்டு உறுதி (பத்திரம்) கிடைக்காது, வீட்ட விட்டு எழுப்புவாங்க எண்டு ஒரு ஆம்பிளைக் குரல், நல்ல தமிழ்ல, பதட்டமா. அந்த ஆள் போட்டியில நிண்ட ஒரு ரிடயர்ட் டீச்சர். சொன்னது முழுப் பொய், ஏனெண்டா எங்கட தொடர்மாடிட உறுதி விஷயம் நகர அபிவிருத்தி அதிகாரசபையோட இருக்கு, மாநகர சபைக்கு அதுல கையே இல்ல. ஆனா தோட்டத்துல (கொழும்புல நெருக்கமா இருக்கிற குடிசை வரிசையில) இருந்து எழுப்பி பிளட்ஸுக்கு கொண்டு வந்த சனத்துக்கு "எழுப்புவாங்க" எண்ட சொல்லு போதும், வயசான ஆட்கள் ரெண்டு மூணு பேர் அண்டைக்கு ராத்திரி நித்திரை கொள்ளல்ல.

டென்ட் பற்றி எடுத்த முடிவு

நிர்வாகக் குழுக் கூட்டத்துல பெரிய வாக்குவாதம். தலைவர் ஐயா சொன்னது லேசா தள்ளிவிடுற கதை இல்ல: பழைய டென்ட் கிழிஞ்சு போய் கிடக்கு, புதுசு வாங்க சங்கத்துல காசு இல்ல, குடுக்கிறவர் வோட்டு கேக்கவும் இல்ல, இதுல யாருக்கு நட்டம்? இன்னொருத்தர் உடனே திருப்பி அனுப்பணும், அதையும் போட்டோ எடுத்து போடணும் எண்டார். உள்ளூராட்சித் தேர்தல் சட்டப்படி வோட்டுக்காக பொருள் குடுக்கிறது இலஞ்சக் குற்றம், ஆனா யார் குடுத்தது, எதுக்கு குடுத்தது எண்டு காட்ட ஏலாட்டி முறைப்பாடு நிக்காது. எங்ககிட்ட இருந்தது ஒரு லொறி நம்பர் மட்டும்தான்.

கடைசியில முடிவு இப்பிடி வந்திச்சு. பொருள திருப்பி அனுப்புறதும் இல்ல, பாவிக்கிறதும் இல்ல, வோட்டு முடியிற வரைக்கும் ஸ்டோர்ல பூட்டி வைக்கிறது. திகதி, என்ன வந்திச்சு, எத்தனை, கொண்டு வந்தவர் பேர் சொல்ல மறுத்தார் எண்டு தமிழ்லயும் சிங்களத்துலயும் எழுதி நோட்டீஸ் போர்ட்ல ஒட்டுறது. கூச்சல் போட்டு திருப்பி அனுப்பினா சங்கம் மற்றப் பக்கத்துக்கு வேலை செய்யுது எண்டு கதை வரும், சங்கம் ரெண்டா உடையும். பாவிச்சா ஒவ்வொரு செத்த வீட்டுலயும் அது பிரசாரக் கூட்டமா மாறும். யாரையும் குற்றம் சொல்லாம நடந்தத மட்டும் எல்லாருக்கும் தெரிய எழுதி வச்சா, முடிவு சனத்துட கையில.

இதுக்கு விலையும் குடுத்தோம். அடுத்த கிழமையே ஒரு மரணம், நல்ல மழை, பழைய டென்ட்டால தண்ணி ஒழுகி வந்த ஆட்கள் நனைஞ்சாங்க. அந்த வீட்டு மகன் எங்களோட சத்தம் போட்டார், "புது டென்ட்ட பூட்டி வச்சிட்டு எங்கட அம்மாட செத்த வீட்டுலயா உங்கட கொள்கை?" எண்டு கேட்டார். அவருக்கு சொல்ல எங்ககிட்ட நல்ல பதில் இருக்கல்ல. அந்தக் குடும்பம் இப்பவும் சங்கத்துல இருக்கு, ஆனா அந்தக் கோபம் நியாயமான கோபம்.

பேஜ் நடத்துற தம்பியோட கதைச்சது

பேஸ்புக்ல கமென்ட் போட்டு சண்டை பிடிக்கிறதில்ல எண்டு தீர்மானிச்சு மூணு பேர் கடைக்கே போனோம். தம்பி ஒளிக்கல்ல. வேட்பாளர்ட ஆள் ஒருத்தர் மாசம் ஒரு தொகை தாறார், டேட்டா காசும் தாறார், வீடியோவும் அவங்களே எடுத்து அனுப்புறாங்க எண்டு சொன்னார். பிறகு அவர் கேட்ட கேள்வி எனக்கு இப்பவும் மனசுல நிக்குது: "டிவிக்காரங்க வாங்கினா விளம்பரம், நான் வாங்கினா மட்டும் கூடாதா?"

இது லேசான கேள்வி இல்ல. அரசியலமைப்புட 104ஆ பிரிவுல தேர்தல் ஆணைக்குழு ஊடகங்களுக்கு வழிகாட்டல் குடுக்கலாம் எண்டு இருக்கு, அதுல கட்டாயம் கீழ்ப்படியணும் எண்டு தெளிவா சொல்லியிருக்கிறது அரச வானொலி, தொலைக்காட்சிகளுக்கு. ஒரு போன் கடையில இருந்து நடக்கிற பேஜுக்கு அந்தக் கட்டுப்பாடு எப்பிடிப் போய்ச் சேரும்? பேஸ்புக் கம்பனி மெட்டாட அட் லைப்ரரி எண்டு ஒண்டு இருக்கு, அரசியல் விளம்பரத்த பேஸ்புக்குக்கு காசு கட்டி பூஸ்ட் பண்ணினா யார் காசு கட்டினது, எவ்வளவுக்குள்ள செலவு எண்டு அதுல தேடிப் பார்க்கலாம். ஆனா எங்கட விஷயத்துல காசு போனது பேஸ்புக்குக்கு இல்ல, பேஜ் நடத்துறவர்ட கைக்கு. அது எந்த லைப்ரரியிலயும் வராது. சாதாரண போஸ்ட் மாதிரி, தண்ணி வெட்டு செய்திக்கும் மரண அறிவித்தலுக்கும் நடுவுல வந்து உக்காரும், பார்க்கிற சனம் அத விளம்பரமா நினைக்காது, தம்பிட சொந்த அபிப்பிராயம் எண்டுதான் நினைக்கும். டிவி விளம்பரத்துக்கும் இதுக்கும் வித்தியாசம் அங்கதான் எண்டு அவருக்கு சொன்னோம்.

காச விடச் சொல்லி கேக்கல்ல, அவருக்கும் குடும்பம் இருக்கு. ரெண்டு விஷயம் கேட்டோம். காசு வாங்கிப் போடுற போஸ்ட்ல "கட்டண விளம்பரம்" எண்டு மேல போடணும், மற்ற வேட்பாளர் பதில் அனுப்பினா அதையும் போடணும். ரெண்டாவதுக்கு உடனே ஓம் சொன்னார். முதலாவதுக்கு, அப்பிடிப் போட்டா காசு நிண்டு போகும் எண்டார், பிறகு சிலதுக்கு போட்டார், பலதுக்கு போடல்ல.

வேட்பாளர் கூட்டம்

வட்டாரத்துல நிண்ட எல்லாருக்கும் ஒரே மாதிரி கடிதம் குடுத்து பொது மண்டபத்துக்கு கூப்பிட்டோம். ஆளுக்கு அஞ்சு நிமிஷம், எல்லாருக்கும் ஒரே கேள்வி. கேள்விகள ஒரு பெட்டி வச்சு சேர்த்தோம், பெரும்பாலும் பொம்பிளையள்தான் எழுதிப் போட்டாங்க. அத தரம் பிரிச்சது நல்ல வேலை: கான், குப்பை, லேன் ரோட்டு, தெரு லைட், தாய் சேய் கிளினிக், நூலகம் இதெல்லாம் மாநகர சபை, கரண்ட் வேற, தண்ணி வேற, பிளட்ஸ் லிஃப்ட்டும் உறுதியும் வேற எண்டு ஒரு பக்கத்துல எழுதி போட்டோகொப்பி அடிச்சு வீட்டு வீடா குடுத்தோம். அந்தத் தாள் ஒண்டு போதும் பாதி வாக்குறுதிய அளந்து பார்க்க.

வாறதா பதில் சொன்னவங்கட பேர போர்ட்ல போட்டோம், சொல்லாதவங்க பேருக்கு நேர "பதில் வரல்ல" எண்டு போட்டோம். ஹார்ட்வெயார் காரர் முதல்ல பதில் தரல்ல, அந்த போர்ட்ட பார்த்திட்டோ என்னவோ கடைசி நாள் வாறேன் எண்டு சொல்லி அனுப்பினார். எல்லாமா நாலு பேர் வந்தாங்க, இன்னொரு கட்சி வேட்பாளருக்குப் பதிலா ஒரு பிரதிநிதி வந்தார்.

செலவு பற்றி ஒரே கேள்விதான் வச்சோம்: இது வரைக்கும் எவ்வளவு செலவு, யார் தந்தது? 2023ஆம் ஆண்டு 3ஆம் இலக்கச் சட்டம் வந்ததுக்குப் பிறகு வேட்பாளர் செலவுக்கு ஒரு உச்ச வரம்பு இருக்கு, இந்தத் தேர்தல்ல சபைக்கு சபை வித்தியாசமா ஒரு வாக்காளருக்கு 74 ரூபாயில இருந்து 160 ரூபாய் வரைக்கும் ஆணைக்குழு நிர்ணயிச்சிருந்திச்சு. யார் எண்டு தெரியாதவர்கிட்ட நன்கொடை வாங்கவும் கூடாது. டீச்சர் ஒரு கொப்பியத் திறந்து நோட்டீஸ் அடிச்ச காசு, த்ரீவீல் காசு, தம்பிமார் தந்த காசு எண்டு வாசிச்சா. ஹார்ட்வெயார் காரர் "எல்லாம் என்ட சொந்தக் காசு, கணக்கு பிறகு குடுப்பேன்" எண்டார். லிஃப்ட் திருத்தித் தாறேன் எண்டும் சொன்னார். ஏழாம் மாடியில இருக்கிற ஒரு ஆச்சி அந்தத் தாள கையில பிடிச்சுக்கொண்டு எழும்பி, "தம்பி, இதுல லிஃப்ட் உங்கட சபைக்கு இல்ல எண்டு போட்டிருக்கே, எப்பிடி செய்வீங்க?" எண்டு கேட்டா. மண்டபம் அமைதியாயிட்டு. அமைச்சரோட கதைப்பேன் எண்டு அவர் சொன்னார், ஆச்சி "அப்ப அத மெம்பர் ஆகாமயும் கதைக்கலாமே" எண்டு சொல்லிட்டு உக்காந்திட்டா. பேஜ் நடத்துற தம்பி சொன்ன வாக்க காப்பாத்தி முழுக் கூட்டத்தையும் பேஜ்ல லைவ் போட்டார், ஒரு இடம் கூட வெட்டல்ல. அதுக்கு அவருக்கு நாங்க கடமைப்பட்டிருக்கோம்.

வொய்ஸ் நோட்டுக்கு தேர்தல் ஆணைக்குழுவில முறைப்பாடு போட்டோம், இலக்கம் கிடைச்சிது, வோட்டுக்கு முதல் வேற ஒண்டும் கிடைக்கல்ல. அதுக்கு எழுத்துல ஒரு மறுப்பு அடிச்சு ஒட்டினோம், அது யாருக்கும் ஏறல்ல. ஏறினது, பொருளாளர் அக்கா தன்ட குரல்ல ரெண்டு நிமிஷம் நிதானமா கதைச்சு அனுப்பின வொய்ஸ் நோட், ஏனெண்டா அந்தக் குரல எல்லாருக்கும் தெரியும்.

பிறகு நடந்தது

மே 3 நள்ளிரவோட பிரசாரம் முடியணும். பேஜ் அமைதியா இருந்திச்சு, ஆனா வேற பேர்கள்ல தொடங்கின அக்கவுண்ட்கள்ல அந்தக் கான் வெட்டுற வீடியோ மே 5 ராத்திரி வரைக்கும் சுத்திச்சு. யார் போட்டது எண்டு கண்டுபிடிக்க எங்களால முடியல்ல.

வட்டாரத்துல வெண்டது பிரதிநிதிய அனுப்பின கட்சி. ஹார்ட்வெயார் காரர் ரெண்டாவது, டீச்சர் மூணாவது. இத மறைக்காம சொல்லணும்: காசும் வெல்லல்ல, எங்கட கூட்டமும் வெல்லல்ல. இந்த முறையில வட்டார வேட்பாளருக்கு தனி வோட்டு இல்ல, கட்சிச் சின்னத்துக்கு ஒரே ஒரு புள்ளடிதான், நாட்டுல வீசின காத்து வட்டாரத்துக்குள்ளயும் வீசிச்சு. 117 பேர் இருக்கிற சபையில ஒரு கட்சிக்கும் பெரும்பான்மை இல்ல, ஆகக் கூடினது 48. ஜூன் 16ஆம் திகதி மேயர் தெரிவு இரகசிய வாக்கெடுப்புல 61க்கு 54 எண்டு முடிஞ்சிது. எங்கட வட்டார உறுப்பினர் யாருக்கு போட்டார் எண்டு அவர் சொன்னாத்தான் எங்களுக்குத் தெரியும், நாங்க போய் சரிபார்க்க வழி இல்ல. வீட்டு வீடா தாள் குடுத்து கேள்வி கேட்ட சனத்துக்கு இது பெரிய ஏமாற்றம், எனக்கும்தான்.

ஜூன் மாசம் அந்த லொறி திரும்பி வந்திச்சு. அதே பொடியன். டென்ட்டையும் கதிரையையும் திருப்பி எடுக்கச் சொன்னாங்களாம். பொருளாளர் அக்கா மறுக்கல்ல, பொருள் எங்களது இல்லத்தானே. யாருட பொருள் எண்டு எழுதி கையெழுத்து வச்சா தாறோம் எண்டா. பொடியன் போன்ல கதைச்சிட்டு, ஹார்ட்வெயார் கடைட பேர எழுதி கடை சீல் குத்தின கடிதத்தோட வந்தான். ஏப்ரல்ல பென்சில்ல எழுதின லொறி நம்பருக்குப் பக்கத்துல அக்கா அந்தப் பேர மையால எழுதினா.

முடிவு வந்து 21 நாளுக்குள்ள வேட்பாளர்கள் செலவுக் கணக்கு குடுக்கணும், அத பொதுமக்கள் போய் பார்வையிட சட்டத்துல இடம் இருக்கு. நாங்க போய் பார்த்தோம். ஹார்ட்வெயார் காரர்ட கணக்குல போஸ்டர், நோட்டீஸ், ஓபிஸ் வாடகை இருந்திச்சு. டென்ட், கதிரை, பேஜுக்கு குடுத்த காசு இருக்கல்ல. கடைக் கடிதத்துட கொப்பியோட தேர்தல் அலுவலகத்துக்கு எழுதிக் குடுத்திருக்கோம், பரிசீலிக்கிறோம் எண்டு பதில் வந்திருக்கு.

சங்கத்துக்குள்ள நல்லதும் கெட்டதும் நடந்திச்சு. தலைவர் ஐயா விலகினார், அவரோட நாப்பது குடும்பம் மட்டில போய் வேற சங்கம் தொடங்கினாங்க. இருபது வருஷம் ஒண்டா இருந்த ஆட்கள், இது எனக்கு இன்னும் வலிக்குது. தம்பிட பேஜுக்கு மாசக் காசு நிண்டு போச்சு, இப்ப கடை விளம்பரம் போடுறார், பெரும்பாலும் மேல "விளம்பரம்" எண்டு போடுறார். புது மெம்பர்ட போட்டோவும் இப்ப கொஞ்சம் கூடவே வருது, அது காசுக்கா சும்மாவா எண்டு கேட்டா சும்மா எண்டுதான் சொல்றார். அதுலயும் ஒரு கண் வச்சிருக்கோம்.

அடுத்த முறை மாத்துறது

சங்க யாப்புல (சங்கத்துட விதிகள்ல) ஒரு வரி சேர்த்திருக்கோம்: வேட்புமனு அறிவிச்ச நாள்ல இருந்து முடிவு வாற வரைக்கும் யார்கிட்டயும் அன்பளிப்பு வாங்கிறதில்ல, மற்றக் காலத்துல பேர் இல்லாம வாங்கிறதில்ல. அதோட சேர்த்து டென்ட்டுக்கு எண்டு மாசம் இருபது ரூபா தனியா சேர்க்கிறோம், ஏனெண்டா கிழிஞ்ச டென்ட்டோட கொள்கை பேசுறது கஷ்டம், அந்த மகன்ட கேள்விக்கு பதில் இதுதான்.

பேஜ், வட்ஸ்அப் குரூப் நடத்துறவங்களோட வேட்புமனுவுக்கு முதலே கதைச்சு எழுத்துல ஒரு உடன்பாடு எடுக்கணும். கை நீட்டி காசு வாங்கினதுக்குப் பிறகு கதைச்சா பாதிதான் கிடைக்கும், அத கண்ணால கண்டோம். வேட்பாளர் கூட்டம் சிங்களத்துலயும் முழுசா நடக்கணும். கடிதமும் தாளும் ரெண்டு மொழியில குடுத்தும் பேச்சு தமிழ்லயே போனதால சிங்கள அயலவங்க கொஞ்சப் பேர்தான் இருந்தாங்க, பிறகு அவங்க "அது உங்கட கூட்டம்தானே" எண்டு சொன்னாங்க. கேள்விய எழுதின பொம்பிளையளே மைக்க பிடிச்சு கேக்கணும், ஆச்சி எழும்பினது அவட தைரியம், எங்கட ஏற்பாடு இல்ல.

சட்டத்துல மாற வேண்டியதும் இருக்கு. செலவுக் கணக்கு ஓபிஸுக்கு போய் புரட்டிப் பார்க்கிற கடதாசியா இருக்கக் கூடாது, இன்டர்நெட்ல போடணும், வோட்டுக்குப் பிறகு மட்டுமில்லாம முதலும் ஒரு தடவை போடணும். வேட்பாளர் பேருல இல்லாம வேற ஆள், கடை, நலன்விரும்பி செய்ற செலவையும், பேஜ் நடத்துறவருக்கு நேர குடுக்கிற காசையும் கணக்குல கொண்டு வரணும். இத ஒரு பக்கக் கடிதமா எழுதி சங்கத்துல கையெழுத்து சேர்க்கிறோம். மாகாண சபைத் தேர்தல் 2014க்குப் பிறகு ஒரு மாகாணத்துலயும் நடக்கல்ல, அது அறிவிக்க முதல் கடிதம் ஆணைக்குழுவுக்கு போகணும் எண்டு பொதுக் கூட்டத்துல தீர்மானம் எடுத்திருக்கோம். பிரிஞ்சு போன சங்கத்துக்கும் ஒரு கொப்பி அனுப்பினோம், அவங்கள்ல பதினொரு குடும்பம் கையெழுத்து போட்டிருக்கு.